சம்பந்தியைச் சாகடிக்காதீர்கள்

கேள்வி: இருபது வருடத்துக்கு மேலாக ஓக்லஹோமா மாநிலம் துல்சாவில் இருக்கிறோம். மகன் தன்னோடு படித்த அமெரிக்கப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான். பெண் தங்கம். ஆனால் அவள் அம்மா போதைப்பொருள் வழக்கில் ஜெயிலில் இருந்தவர். போதாததற்கு, மெக்அலெஸ்டர் சிறையில் நடந்த ரோடியோவில், அதாவது முரட்டுக் காளை, குதிரை மேல் ஏறி விழாமல் தாக்குப்பிடிக்கும் கைதிகள் போட்டியில், காளை மேல் ஏறியவர். பாட்டியோடு கேலரியில் உட்கார்ந்து அதைப் பார்த்ததை இந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். (2008-ல் நாங்களும் ஒரு தடவை போயிருக்கிறோம். பையனுக்குப் பொழுது நன்றாகப் போனது.) அம்மா விடுதலையாகிப் பல வருடம் ஆகிறது, வேலை பார்க்கிறார். கல்யாணம் சென்னையில். சொந்தக்காரர்களிடம் பெண்ணுக்கு அம்மா இல்லை என்று சொல்லிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சொல்லக் கூடாது.

மருமகள் வீட்டில் யாரையாவது மறைக்க வழி கேட்டு வரும் கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. குடிகார அப்பா, இரண்டாம் தாரம், கடன்கார அண்ணன், எல்லாம் பார்த்தாயிற்று. ‘கவலைப்படாதீர்கள், ஊர் நாலு நாளில் மறந்துவிடும்’ என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கு நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்ட இரண்டு வரிதான் உறுத்துகிறது.

நீங்களும் போனீர்கள். ஒன்றரை மணி நேரம் காரோட்டி, டிக்கெட் வாங்கி, சிறை மதிலுக்குள் இருக்கிற மைதானத்தில் பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்தீர்கள். 1940-ல் தொடங்கிய ரோடியோ அது. பெண் கைதிகளை இறக்கியது 2006-ல்தான். 2009-க்குப் பிறகு அங்கே ரோடியோவே நடக்கவில்லை. ஆக, நீங்கள் கைதட்டிய பெண்களில் ஒருத்தி உங்கள் சம்பந்தியாகவே இருந்திருக்கலாம். அதே கேலரியில் ஒரு சின்னப் பிள்ளை, அம்மா எப்போது விழுவாளோ என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். காசு கொடுத்து வேடிக்கை பார்க்கும்போது வராத கூச்சம், பத்திரிகை அடிக்கும்போது எங்கிருந்து வந்தது?

கைதிகளைக் காளை முன் விட்டு டிக்கெட் விற்றதில் எனக்கு உடன்பாடு இல்லை. அடிபடுகிறவர் ஒருவர், வசூல் வேறொருவருக்கு. ஆனால் களத்தில் இறங்கிய பெண்களைக் குறை சொல்ல மாட்டேன். வேறு ஊர்ச் சிறைகளிலிருந்து அவர்களைக் கூட்டிவந்தார்கள். நடத்தை சரியில்லை என்றால் அணியில் இடமில்லை. காளையின் கொம்பில் பணப்பையைக் கட்டிவிட்டு எடுக்கச் சொல்லும் ஒரு போட்டியும் உண்டு. நம் பக்கத்தில் கொம்பில் கட்டிய பரிசை அவிழ்த்த தாத்தாவைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகப் பெருமை பேசுகிறோமே? டெக்சாஸில் ஹண்ட்ஸ்வில் சிறையும் 1931-லிருந்து 1986 வரை இப்படி ரோடியோ நடத்தியது; அதிலும் பெண் கைதிகள் இறங்கியிருக்கிறார்கள். அப்புறம், பெண்களை ஜெயிலுக்கு அனுப்புவதில் அமெரிக்காவிலேயே பல வருடம் முதலிடத்தில் இருந்தது உங்கள் மாநிலம். போதை வழக்கில் அம்மா உள்ளே போய், பாட்டி வளர்த்த பிள்ளைகள் அங்கே ஏராளம்.

குடும்ப விஷயத்தில் நான் பழைய ஆள். அந்த அம்மா தப்பு செய்தார், தண்டனை அனுபவித்தார், கணக்கு தீர்ந்தது. உயிரோடு இருக்கிற தாயை இல்லை என்று சொல்வது பாவம். அதுவும் கல்யாண வீட்டில்! தாரை வார்க்கும்போது நீர் ஊற்ற வேண்டியவள் பெற்றவள். அந்தச் செம்பை யார் கையில் கொடுப்பதாக இருந்தீர்கள்? அந்தப் பெண் சிரித்துக்கொண்டு சொன்னாள் என்கிறீர்கள். அவளுக்கு அம்மாவைப் பற்றி வெட்கமில்லை. உங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே அவளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கப் பார்க்கிறீர்கள். அத்தைமார் கேட்கும்போதெல்லாம் அவள் பொய் சொல்ல வேண்டும், நாளைக்குப் பேரப்பிள்ளையிடமும் சொல்ல வேண்டும். உங்கள் மகன் இதற்குச் சம்மதித்தானா? அவன் என்ன நினைக்கிறான் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அவனுக்குத் தெரியாமல் கேட்டிருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்திய விசா விண்ணப்பத்தில் தண்டனை பெற்றதுண்டா என்று கேட்பார்கள், அந்த அம்மாவுக்கு இழுபறியாகலாம். முகூர்த்தத்தை துல்சாவிலேயே வையுங்கள், சென்னையில் வரவேற்பு போதும். வருகிற சொந்தக்காரர்கள் வரட்டும். தேதி குறிக்கும் முன்பு, மகனை விட்டுப் பேசச் சொல்லாமல், நீங்களே அவருக்கு போன் செய்யுங்கள். வேலையில் லீவு சொல்ல அவருக்கும் அவகாசம் வேண்டும்.