கதை நகரவில்லையா? களத்தை மாற்றிப் பாருங்கள்

குளச்சலில் பிறந்த நீங்கள், கடலுக்குப் போக மறுக்கும் மகனின் கதையை அங்கேயே வைத்து எழுதுகிறீர்கள். எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் தெரிந்த ஆளின் முகம் வந்து கையைக் கட்டிவிடுகிறது என்கிறீர்கள். அப்பா, மகன், சண்டை மூன்றும் அப்படியே இருக்கட்டும். களத்தை மட்டும் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு மாற்றுங்கள். இரண்டும் ஒரே கன்னியாகுமரி மாவட்டம்தான், ஆனால் கடற்கரைக்காரருக்கு அது வேறு உலகம்.

அங்கே வேலையே காட்சிகளைத் தரும். வெயில் ஏறினால் பால் வரத்து குறையும். அதனால் விடியும் முன்பே தலைவிளக்கோடு பட்டை வெட்டப் போவார்கள். மழை பிடித்தால் பெரும்பாலும் வெட்டு கிடையாது, வருமானமும் நின்றுவிடும். எடுத்த பாலை ஆசிட் விட்டு உறைய வைத்து, ஷீட்டாக அடித்து, புகையில் காயவைக்க வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. அப்பா பார்த்துப் பார்த்து வெட்டிய மரத்தில் மகன் கோபத்தோடு கத்தி வைக்கிறான் என்றால், அந்தக் காட்சிக்கு வசனமே வேண்டாம்.

சரி, தெரியாத இடம்தானே என்று வீட்டிலிருந்தே கற்பனை செய்துவிடாதீர்கள். சில நாள் அதிகாலையில் ஒரு பால்வெட்டுத் தொழிலாளியோடு நடந்துவிட்டு எழுதுங்கள். முக்கியமாக, மலையாளம் கலந்த அந்தப் பேச்சைக் காதால் கேட்காமல் ஒரு வசனம்கூட எழுத வேண்டாம்.