ஹெட்போன் பின் லூசாக இருக்கிறது, அசைத்தால்தான் பாட்டு கேட்கிறது. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

முடியும். புதுசுக்கு ஆர்டர் போட்டுவிடாதீர்கள். நீங்களும் போனைச் சட்டைப் பையில் வைப்பவர் என்றே நினைக்கிறேன். அப்படியானால் கோளாறு ஹெட்போனில் இல்லை, போனில் பின் செருகும் ஓட்டைக்குள் (அதுதான் ஜாக்) இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

எங்கள் அப்பா ராத்திரி தூங்கும்வரை ஹெட்போனில் பாட்டுக் கேட்பவர். திடீரென்று, "பழைய பாட்டு எதுவும் கேட்கவே மாட்டேங்குதுடா. புதுப் பாட்டுல மியூசிக் வருது, பாடறவங்க குரலைக் காணோம்" என்றார். வீட்டில் ஆளாளுக்கு "வயசாச்சு, காதைக் காட்டணும்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். சொந்தக்காரர் ஒருத்தர் காது மிஷின் விலையே விசாரித்துவிட்டார். போன் கடையிலோ "ஜாக் போயிருச்சு, போர்டுல வேலை" என்று பெரிய தொகையாகச் சொன்னார்கள். அப்பா ஹெட்போனைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டார்.

ஆனால் அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. மைக் வைத்த 3.5 மி.மீ. பின்னில் நான்கு உலோகப் பட்டைகள் இருக்கும். நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, மூன்றாவது இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டு (கரண்டு திரும்பிப் போகும் வழி), கடைசி மைக். (பழைய மாடல்கள் சிலவற்றில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும்.) பின் முழுசாக உள்ளே போகாவிட்டால் கிரவுண்டு விட்டுப்போகும். அப்போது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும். பாடுகிறவர் குரலை வழக்கமாக இரண்டு பக்கமும் சமமாக வைப்பார்கள், அதனால் அது அடிபட்டுப் போகும். பழைய மோனோ பாட்டில் இரண்டு பக்கமும் ஒரே சத்தம், அதனால் பாட்டே காலி. இந்த நேரத்தில் ஹெட்போன் ஒயரில் இருக்கும் மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்ப வரலாம், ஏனென்றால் அந்தப் பட்டன் மைக் ஒயரைக் கிரவுண்டோடு சேர்க்கிறது. அப்பாவை அழுத்தச் சொன்னேன். "வருதுடா!" என்று கத்தியேவிட்டார்.

போனை ஆஃப் செய்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓட்டையின் அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்திருந்தது. மரப் பல்குச்சியை ஓரமாக விட்டு மெதுவாக நெம்பியதும், பின் குத்திக் குத்திக் கெட்டித்துப்போன பஞ்சு வில்லை ஒன்று வந்து விழுந்தது. எல்லாம் சட்டைப் பை நூல். அப்புறம் பின் 'டக்'கென்று உட்கார்ந்தது.

குச்சி விட்டால் ஜாக் உடைந்துவிடும் என்று சொல்ல வருபவர்களுக்கு: ஊசியோ சேஃப்டி பின்னோ விட்டால்தான் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தகடு வளையும். அதனால்தான் மரக்குச்சி என்கிறேன். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும். ப்ளூடூத் வாங்கித் தரலாமே என்பவர்களுக்கு: தினமும் சார்ஜ் போடும் வேலையை அவர் தலையில் கட்ட எனக்கு மனசில்லை.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். வயசானவர்கள் எதைச் சொன்னாலும் முதலில் அவர்கள் உடம்பைத்தான் குறை சொல்கிறோம். ரேஷன் கடையில் கைரேகை விழாவிட்டால் "உங்க ரேகை தேஞ்சுபோச்சு பெரியவரே" என்கிறார்கள். அந்த மிஷின் கண்ணாடியை ஒரு துணியால் துடைத்துப் பார்க்க ஆளில்லை. வரிசையில் அத்தனை பேர் முன்னால் அவரை ஓரமாக நிற்கவைக்கிறார்கள். எனக்கு இன்னமும் ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயம். அழுக்கு எடுத்தும் சரியாகவில்லையா? அதே ஹெட்போனை வேறு போனில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அசைத்தால்தான் கேட்கிறது என்றால், பின்னுக்குக் கொஞ்சம் மேலே, ஒயர் மடங்கும் இடத்தில் உள்ளே அறுந்திருக்கும். அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, கடையில் நான்கு பட்டை வைத்த புதுப் பின் வாங்கிச் சால்டரிங் செய்யலாம். பின்னின் மூடியை முதலிலேயே ஒயரில் கோத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகளின் கலரே வார்னிஷ் பூச்சுதான். அதைச் சுரண்டியோ சால்டரிங் சூட்டில் எரித்தோ எடுக்காமல் ஈயம் ஒட்டாது. பெரும்பாலும் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் கிரவுண்டு. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எந்தக் கம்பி எதற்கு என்று மல்டிமீட்டரில் பார்த்துவிட்டே ஒட்டுங்கள்.

முதலில் அந்த மைக் பட்டனை அழுத்திப் பார்த்து என்ன கேட்கிறது என்று கீழே எழுதுங்கள்.