புத்தகத் திருவிழாவில் லினக்ஸ் ஸ்டால்: புதியவர்களிடம் எப்படிப் பேசுவது?

ஊர்ப் புத்தகத் திருவிழாவில் நண்பர்களோடு மேசை போட்டு, விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸை அறிமுகப்படுத்தப் போகிறோம், கணினி பற்றி அதிகம் தெரியாதவர்களிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன்: இரண்டு லேப்டாப், பத்துப் பென் டிரைவ், லினக்ஸ் சின்னமான பென்குயின் போட்ட ஒரு பிளெக்ஸ், கரண்டுக்குப் பக்கத்து ஸ்டால்காரரிடம் கெஞ்சல். சரிதானே? நானும் ஆறு வருடம் அப்படித்தான் நின்றேன்.

திருவிழாவிலேயே யாருக்கும் இன்ஸ்டால் செய்து கொடுக்காதீர்கள். முதலில் அவர்களிடம் என்ன பிரிண்டர் இருக்கிறது என்று கேளுங்கள்.

சிரிக்காதீர்கள், பட்டுத்தான் சொல்கிறேன். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், செயலி இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். இதைவிட நல்ல நேரம் நமக்கு எப்போது வரும்? "பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீங்க" என்று பெரிய எழுத்தில் எழுதி மாட்டினோம். கூட்டம் வந்தது.

வந்தவர்களில் ஒரு அக்கா. ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம். "இலவசம்னு சொல்றீங்க, பின்னாடி மாசாமாசம் பணம் கேப்பீங்களா?" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் க்னூ என்ற சுதந்திர மென்பொருள் திட்டத்தை அறிவித்ததில் ஆரம்பித்து, 1991-இல் ஃபின்லாந்தில் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை எழுதியது வரை ஒரு சொற்பொழிவே நடத்திவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, ஸ்பீடா இருக்குமா?" என்றார்.

ஸ்பீடாகத்தான் இருந்தது. ஃபைல்களை நகலெடுத்து வைத்துவிட்டு மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான லினக்ஸ் வகையைப் போட்டேன், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் முகம் மலர்ந்ததைப் படம் எடுத்து எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டேன். எக்கச்சக்க இதயங்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு போன். "தம்பி, பிரிண்டர் வரமாட்டேங்குது." காலாண்டுத் தேர்வு நேரம், வினாத்தாள் அடிக்க ஆட்கள் கடை வாசலில் நிற்கிறார்கள். ஓடினேன். ஊரில் பாதி ஜெராக்ஸ் கடையில் இருக்குமே ஒரு சின்ன லேசர் பிரிண்டர், அதேதான். அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் லினக்ஸுக்கு இருக்கிறது, ஆனால் அரதப் பழசு. ஏதேதோ செய்து முதல் பக்கத்தை வரவழைத்தேன், இரண்டாவது பக்கத்தில் பச்சை விளக்கு மினுக் மினுக் என்று நின்றது, அவ்வளவுதான். அதற்குள் ஒரு ஆசிரியர் பென் டிரைவை நீட்டினார். திறந்தால் 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் பழைய பாமினி எழுத்துரு. அதையாவது எழுத்துருக் கோப்பை உள்ளே போட்டுச் சரிசெய்துவிட்டேன். பிரிண்டரோடு இரண்டு ராத்திரி மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் என் கையாலேயே விண்டோஸைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். அக்கா திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, "ரெண்டு நாள் வருமானம் போச்சு தம்பி" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

உடனே சில பேர் வருவார்கள், "நீ சரியான டிஸ்ட்ரோ, அதாவது சரியான லினக்ஸ் வகை, போடவில்லை" என்று. ஆர்ச் என்ற டிஸ்ட்ரோவைக் கொண்டாடும் நண்பர்களே, கும்பிடுகிறேன், வேறு எங்காவது சண்டை போடுவோம். நான் லினக்ஸை விட்டுவிடவில்லை, இந்தப் பதிலையும் அதில்தான் தட்டச்சு செய்கிறேன்.

இப்போது நான் செய்வது இதுதான். ஒரே பென் டிரைவில் பல டிஸ்ட்ரோ வைக்க உதவும் வென்டாய் என்ற கருவியைப் போட்டு இரண்டு மூன்று டிஸ்ட்ரோ வைத்திருப்பேன். ஸ்டாலில் லைவாக, அதாவது இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டு, மட்டும் காட்டுவேன், யாருடைய ஹார்டு டிஸ்க்கையும் தொடமாட்டேன். கட்டளைகளைத் தட்டச்சு செய்கிற டெர்மினலைத் திறக்கவே மாட்டேன். மவுஸை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, பெயரைத் தமிழில் அடிக்கச் சொல்வேன். தமிழ்99 விசைப்பலகை முறை தெரியாதவர்களுக்கு 'அம்மா' என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வருகிற விசைப்பலகை. சின்னப் பிள்ளைகள் வந்தால் ஜிகாம்ப்ரி என்ற கல்வி விளையாட்டுத் தொகுப்பு. டேலி, கோரல்டிரா மாதிரி விண்டோஸ் மென்பொருள்களை நம்பிப் பிழைக்கிறவர் என்றால் "உங்களுக்கு இது இப்போதைக்கு வேண்டாம்" என்று நேராகவே சொல்லிவிடுவேன். விருப்பப்படுகிறவர்களுக்கு அடுத்த ஞாயிறு ஒரு இடம், ஒரு நேரம். சார்ஜரும் பேக்கப்பும் அவர்கள் பொறுப்பு. கணினி தொடங்கும் விதத்தைக் கட்டுப்படுத்தும் பயாஸ் அமைப்பில் கை வைத்தால், சில லேப்டாப் விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவி கேட்டு மிரட்டும், அதையும் எழுதி எடுத்து வரச் சொல்லுங்கள்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கணினியில் தமிழுக்கு யூனிகோடு, டேஸ்16 என்ற இரண்டு எழுத்துக் குறியாக்கங்கள்தான் தரம் என்று தமிழ்நாடு அரசு 2010-லேயே அரசாணை போட்டுவிட்டது. போன மாதம் ஒரு அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு படிவம் வந்தது. எந்த எழுத்துரு என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. போன் செய்து கேட்டால், "எங்க சிஸ்டத்துல நல்லாத்தானே சார் தெரியுது?" என்கிறார்கள். இதில் பழி மட்டும் லினக்ஸ் மேல்!

சரி, உங்கள் ஸ்டாலுக்கு வருகிறேன். நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று சொந்தமாகவே எடுத்துப் போங்கள். பக்கத்து ஸ்டால்காரர் ராத்திரி எட்டு மணிக்குப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போய்விடுவார்.