போன்ல குதிரை வளர்ப்பு படிக்கலாமா? வடசென்னை வாசகர்களுக்கு பதில்

இந்த வாரம் பக்கத்த குதிரை வச்சிருக்கிறவங்களுக்குன்னே ஒதுக்கிட்டோம். பீச்சு சவாரி, கல்யாண ஊர்வலம்னு குதிரைய நம்பி பொழைக்கிற குடும்பங்க நம்ம பக்கம் இன்னும் இருக்கு, அந்த வீட்டுப் பசங்க இப்ப ஆன்லைன் கோர்ஸ் தேடுறாங்க, வந்த கடிதத்துல முக்காவாசி அதப் பத்திதான்.

கேள்வி: அப்பாவும் சித்தப்பாவும் ரெண்டு குதிரை வச்சிருக்காங்க. நான் பிளஸ் டூ முடிச்சிட்டேன். குதிரை பராமரிப்பு கோர்ஸ்னு போன்ல நெறைய வருது, சர்டிபிகேட் தர்றோம்னு ஆயிரக்கணக்குல கேக்குறாங்க. அப்பா, "குதிரைய தொட்டுதான் கத்துக்கணும், போன்ல இன்னாடா கத்துக்குவ"ன்னு திட்டுறாரு. சேரலாமா சார்? இங்கிலீஷ் சுமாரா புரியும்.
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: சேரு தம்பி, ஆனா சர்டிபிகேட்டுக்காக சேராத. உங்கப்பா சொல்றதும் நியாயம்தான், லாடம் அடிக்கிறது, மிரள்ற குதிரைய அடக்குறது, சேணம் எங்க உரசுதுன்னு கைய விட்டுப் பாக்குறது, இதெல்லாம் அவர் பக்கத்துல நின்னு வருஷக்கணக்குல கத்துக்க வேண்டியது, எந்த வீடியோவும் தராது. ஆனா குதிரை நல்லா இருக்கும்போது அதோட உடம்பு எப்படி ஓடுதுன்னு எண்ணிப் பாத்து எழுதி வைக்கிற பழக்கம் நம்ம லாயங்கள்ல ரொம்ப கம்மி, அத ஒரு நல்ல ஆன்லைன் கிளாஸ் அருமையா சொல்லித் தரும்.

காசு கட்றதுக்கு முன்னாடி ஒண்ணு பாரு. அமெரிக்காவுல இருக்குற ஃப்ளோரிடா யுனிவர்சிட்டி, கோர்செராங்கிற ஆன்லைன் கோர்ஸ் வெப்சைட்டுல குதிரை பராமரிப்புக்கு அடிப்படை கோர்ஸ் ஒண்ணு போட்டிருக்காங்க. எடின்பரோ யுனிவர்சிட்டியும் குதிரைத் தீவனம் பத்தி அதே கோர்செராவுல நடத்தியிருக்காங்க. எவ்ளோ தூரம் இலவசமா பாக்க விடுறாங்கன்னு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணு. ரெண்டுல எதுன்னு கேட்டா நான் ஃப்ளோரிடாவத்தான் சொல்லுவேன், ஏன்னா அதுவும் நம்மள மாதிரி கடலோரம், புழுக்கம், மணல் மண்ணு. குளிர் நாட்டுக் கிளாஸ்ல பாதி நேரம் பனிக்கு போர்வை போத்துறதுலயே போயிடும், எண்ணூர் காத்துல நிக்கிற குதிரைக்கு அதுவா பிரச்சனை? இங்க பிரச்சனை வேர்வை நின்னு போறது. சூடும் ஈரமும் சேந்த ஊர்ல சில குதிரைக்கு வேர்க்குறதே நின்னுடும், ஓட்டிட்டு வந்து நிறுத்துனா உடம்பு காஞ்சு கிடக்கும், மூச்சு மட்டும் தஸ்ஸு புஸ்ஸுன்னு வாங்கும், பாக்குறவங்க சோம்பேறிக் குதிரைன்னு சாட்டைய எடுப்பாங்க. இதுக்கு உறுதியான மருந்துன்னு ஒண்ணும் இல்ல. நிழல், ஃபேன், உடம்புல தண்ணி ஊத்துறது, வெயில் ஏறுறதுக்குள்ள வேலைய முடிக்கிறது, இவ்ளோதான். இது ஒண்ணு தெரிஞ்சிருந்தாலே உங்க குதிரைக்கு அடி மிச்சம்.

கோர்ஸ்ல துடிப்பு, மூச்சு, சூடு மூணும் பாக்குற பாடம் வந்தா, அன்னிக்கு சாயங்காலமே லாயத்துக்குப் போய் செஞ்சு பாத்துடு, தள்ளிப் போட்டா படிச்சது வீண். குதிரை நிதானமா நிக்கும்போது கீழ்த்தாடை எலும்போட உள்பக்க ஓரத்துல ரெண்டு விரல வச்சு லேசா உருட்டு, பென்சில் தடிமன்ல ஒரு ரத்தக்குழாய் விரலுக்கடியில நழுவும், அத எலும்போட சேத்து மெதுவா அழுத்துனா துடிப்பு தெரியும். 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கு. வளந்த குதிரைக்கு நிமிஷத்துக்கு 28லேருந்து 44 வரைக்கும் இருக்கும். சும்மா நிக்கிற குதிரைக்கு 60 தாண்டுதுன்னா டாக்டருக்கு போன் போட்டுடு. மூச்சு, விலாவ பாத்து எண்ணு, 8லேருந்து 16. தெர்மாமீட்டர் ஆசனவாயில வைக்கணும், முனையில நூல் கட்டி அந்த நூல வால் முடியில ஒரு கிளிப்பால மாட்டிடு, இல்லன்னா உள்ள இழுத்துக்கும் இல்ல கீழ விழுந்து உடையும். 37.5லேருந்து 38.5 டிகிரி செல்சியஸ் சரியான சூடு. ஈறுல கட்டைவிரல அழுத்தி எடுத்தா ரெண்டு செகண்டுக்குள்ள செவப்பு திரும்பி வரணும். உங்க ரெண்டு குதிரைக்கும் தனித்தனியா ஒரு நோட்டுல தினம் எழுது, கொஞ்ச நாள்ல அப்பாவே வந்து "இன்னிக்கு எவ்ளோடா"ன்னு கேப்பாரு.

கேள்வி: தலைமுறையா நாங்க தவிடும் கொள்ளும்தான் போடுறோம். பையன் ஏதோ கிளாஸ் பாத்துட்டு தவிடு கெடுதல்ங்கிறான். யாரு சொல்றது சரி?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: தவிடு விஷயத்துல பையன் சொல்றதுதான் சரி அண்ணே. கோதுமைத் தவிடோ அரிசித் தவிடோ, அதுல பாஸ்பரஸ் ரொம்ப ஜாஸ்தி, கால்சியம் ரொம்ப கம்மி. தினம் அதையே வாளி வாளியா போட்டா, கொறையுற கால்சியத்த உடம்பு எலும்புலேருந்து உருவி எடுத்துக்கும், கடைசியில மூக்குக்கு ரெண்டு பக்கமும் முகம் வீங்கி பெருசாயிடும், ஒரு நாள் இந்தக் கால் ஒரு நாள் அந்தக் கால்னு நொண்டும், மெல்லவே கஷ்டப்படும். மாட்டுக்குப் போடுற நேப்பியர் புல்லையே குதிரைக்கும் முழுசா போடுறவங்க இருக்காங்க, அதுல இருக்குற ஆக்சலேட்டுங்கிற பொருள், இருக்குற கால்சியத்தையும் புடிச்சு வச்சுக்கும், தவிடும் நேப்பியரும் சேந்துட்டா ரெட்டை அடி. குதிரைமசால்ங்கிற பசுந்தீவனம் கிடைச்சா கொஞ்சம் கொஞ்சமா சேருங்க, அதுல கால்சியம் நல்லா இருக்கு.

கொள்ளு மேல தப்பில்ல, போடுற விதத்துலதான் இருக்கு. பகல் பூரா சவாரிக்கு நிறுத்தி வச்சிட்டு ராத்திரி பத்து மணிக்கு ஒரே வாளியில கொட்டுறோம் பாருங்க, அதான் ஆபத்து. குதிரையோட இரைப்பை அந்த உடம்புக்கு ரொம்ப சின்னது, 8லேருந்து 15 லிட்டர்தான் புடிக்கும், அதோட குதிரையால வாந்தி எடுக்க முடியாது, அதனால ஜாஸ்தியானது உள்ளயேதான் தங்கி வலி குடுக்கும், குளம்பு அழற்சியும் இதுலேருந்தே வரும். ஊற வச்ச கொள்ள ரெண்டு மூணு வேளையா பிரிச்சு, அதுக்கு முன்னாடி புல்லு போடுங்க. உடம்பு எடையில நூத்துக்கு ஒண்ணரையிலேருந்து ரெண்டு பங்கு காஞ்ச நார்த்தீவனம் தினம் வேணும், 300 கிலோ குதிரைன்னா நாலரையிலேருந்து ஆறு கிலோ. வெறும் வைக்கோல் வயித்த ரொப்பும், சத்து தராது. மாத்துறத ஒரே நாள்ல மாத்தாதீங்க, ஒரு வாரம் பத்து நாள் எடுத்து கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க.

கேள்வி: வீட்டுக்காரர் பீச்சுல குதிரை ஓட்டுறாரு. அடிக்கடி வயித்து வலி வந்து உருளுது. வீடியோவுல எண்ணெய் ஊத்தச் சொல்றாங்க, ஒருத்தர் ஊசி பேரு கூட போட்டிருக்காரு. செய்யலாமா?
- வாசகி, காசிமேடு

பதில்: தயவுசெஞ்சு செய்யாதீங்கம்மா. தலைய தூக்கிப் புடிச்சு மூங்கில் குழாயிலயோ பாட்டில்லயோ எண்ணெய் ஊத்துறது நம்ம ஊர்ல காலங்காலமா நடக்குது, அது வழி மாறி நுரையீரலுக்குப் போச்சுன்னா குதிரை நிமோனியாவுல போயிடும். டாக்டருங்க மூக்கு வழியா ரப்பர் குழாய் விட்டு, அது இரைப்பைக்குத்தான் போயிருக்கான்னு உறுதி பண்ணிக்கிட்டுதான் ஊத்துவாங்க. வலி ஊசியும் அப்படித்தான், குதிரை அமைதியா ஆயிடும், உள்ள குடல் முறுக்கிக்கிட்டு இருந்தாலும் வெளிய தெரியாது, டாக்டர் வர்றப்ப அவரும் ஏமாந்துடுவாரு, அதுக்குள்ள நேரம் போயிடும்.

பீச்சுக் குதிரைன்னா முதல்ல மணல்தான் சந்தேகம். தரையில போட்ட புல்ல மணலோட சேத்துத் தின்னும், அது குடல்ல படிஞ்சுக்கும். வீட்டுலயே பாக்கலாம். கீழ மண்ணு ஒட்டாத, அப்பதான் போட்ட லத்தி அஞ்சாறு உருண்டைய எடுத்து, தெளிவா தெரியுற ஒரு வாட்டர் பாட்டில்ல போட்டு, முக்கால்வாசி தண்ணி ஊத்தி நல்லா குலுக்கி, கால் மணி நேரம் ஆடாம வச்சிடுங்க. நார் மேல மிதக்கும், அடியில மணல் படிஞ்சிருந்தா விஷயம் தெரிஞ்சு போச்சு. ஒரு தடவ மணல் இல்லன்னா விட்டுடாதீங்க, இன்னொரு நாளும் பாருங்க. இதுக்கு இசப்கோல் குடுக்குறது உண்டு, அளவ டாக்டர்தான் சொல்லணும். புல்ல தரையில போடாம தொட்டியிலயோ வலையிலயோ போடுங்க, பீச்சுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி வயிறு காலியா இருக்கக் கூடாது, பசியிலதான் மணல மேயும்.

போன் இதுல வேற விதமா உதவும். வலி ஆரம்பிச்ச உடனே குதிரை நிக்கிறது, விலாவத் திரும்பித் திரும்பிப் பாக்குறது, ஈறு கலரு, எல்லாத்தையும் ஒரு நிமிஷம் வீடியோ எடுங்க, கடைசியா லத்தி எப்ப போட்டுச்சுன்னு குறிச்சுக்கோங்க, தீவனத்த எடுத்துடுங்க. அதோட வேப்பேரி மெட்ராஸ் வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, 1903லேருந்து இருக்குற காலேஜ் அது, காசிமேட்டுலேருந்து ரொம்ப தூரமும் இல்ல.

கேள்வி: வெளிநாட்டு ஆன்லைன் சர்டிபிகேட் வச்சு குதிரைக்கு வைத்தியம் பாக்கலாமா?
- வாசகர், கொடுங்கையூர்

பதில்: கூடாது. 1984 இந்திய கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டப்படி பதிவு பண்ண டாக்டருங்கதான் பாக்கணும்.

கேள்வி: கல்யாணத்துக்கும் ஷூட்டிங்குக்கும் குதிரை அனுப்புறேன். தொழில் நடத்த ஆன்லைன்ல ஏதாவது கத்துக்கணுமா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: வெளிநாட்டுக் கிளாஸ்ல வர்ற வாடகை லாயம், போட்டிக் குதிரை கணக்கு நமக்கு ஒத்து வராது. குதிரைக்கொரு தனிக் கணக்கு, அட்வான்ஸ் வாங்குறப்பவே எழுத்துல ஒப்பந்தம், இந்த ரெண்டு பாடத்த மட்டும் எடுத்துக்கோங்க. ஒப்பந்தத்துல, குதிரை பக்கத்துல வெடி வெடிக்கக் கூடாதுன்னு ஒரு வரி கண்டிப்பா வேணும்.

சட்டத்த எந்தக் கிளாஸும் சொல்லித் தரல, அதான் எனக்கு ஆதங்கம். இழுவை, பொதி விலங்குகளுக்கு 1965லயே விதி இருக்கு. வண்டி இழுக்கவோ சுமை ஏத்தவோ ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல கூடாது, ஓய்வு இல்லாம தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல கூடாது, வெயில் 37 டிகிரிய தாண்டுற இடத்துல பகல் 12லேருந்து 3 வரைக்கும் கூடவே கூடாது. முள்ளு வச்ச கடிவாளமும் தப்பு. மே மாசத்துல மத்தியான ஊர்வலத்துக்கு குதிரை கேக்குறவங்ககிட்ட இத நேரா சொல்லிடுங்க, சாயங்காலத்துக்கு மாத்திக்குவாங்க. ஷூட்டிங்குக்கு அனுப்புறதுக்கு 2001 விதிப்படி விலங்கு நல வாரியத்துல பதிவு வேணும்.

கேள்வி: நான் கால்நடை மருத்துவம் படிக்கிறேன். குதிரைக்காரங்களுக்கு தமிழ்லயே ஆன்லைன் கிளாஸ் எடுக்க ஆசை. எப்படி ஆரம்பிக்கிறது?
- வாசகி, மாதவரம்

பதில்: இந்தக் கடிதம் படிச்சு மனசு நெறஞ்சு போச்சும்மா, உடனே ஆரம்பி. நீ இருக்குற மாதவரத்துலயே கால்நடை பல்கலைக்கழகத்தோட தலைமையிடம் இருக்கு, உங்க பேராசிரியர் ஒருத்தர் ஒவ்வொரு பாடத்தையும் கேட்டு சரின்னு சொன்ன அப்புறம் அனுப்பு. ஒரு மணி நேர வீடியோ வேணாம், லாயத்துல வேலை செய்யுறவங்க கையில சாணியும் எண்ணெயும் இருக்கும், வாட்ஸ்அப்ல மூணு நிமிஷ குரல் பதிவு போதும், கூட ஒரு போட்டோ. அவங்க பேச்சுலயே பேசு.

1934ல டோரத்தி புரூக் கெய்ரோவுல ஆரம்பிச்ச புரூக் அமைப்பு வடநாட்டுல செங்கல் சூளை குதிரைக்காரங்க நடுவுல வேலை செய்யுறாங்க, அங்க குதிரைக்காரங்களையே குழுவா சேத்து, ஒருத்தர் குதிரைய இன்னொருத்தர் பாத்து சொல்ற மாதிரி பழக்குறாங்க. அத நீயும் செய், வாரம் ஒருத்தர் தன் குதிரைய படம் எடுத்துப் போடட்டும், மத்தவங்க பாத்து சொல்லட்டும். 2014ல வெளிவந்த ஒரு ஆய்வு குதிரை முகத்த வச்சே வலிய கண்டுபிடிக்க ஒரு அளவுகோல் குடுத்துச்சு, காது பின்னாடி வெறைக்கிறது, கண்ணு பாதி மூடுறது, மூக்குத்துவாரம் இறுகுறதுன்னு ஆறு அடையாளம். இது படத்துலயே சொல்லித் தரக்கூடிய பாடம், இங்கிலீஷே தேவையில்ல.

முதல் பாடத்த அக்டோபர் மழைக்கு முன்னாடி அனுப்பிடு, ரத்தத்துல ஒட்டுண்ணி புகுந்து வர்ற சர்ரா காய்ச்சல் பத்தி இருக்கட்டும். மழை விட்டா கடிக்கிற பெரிய ஈ பெருகும், அதுதான் அந்த நோய பரப்பும், காய்ச்சல் விட்டு விட்டு வரும், தின்னாலும் குதிரை இளைக்கும், கால்லயும் அடிவயித்துலயும் நீர் கோத்துக்கும். ரத்தம் எடுத்துப் பாத்தா தெரிஞ்சுடும், எங்க போய் எடுக்கணும்ங்கிறதையும் அதே பதிவுல சொல்லிடு.