ஜயான் பூங்காவில் ஆற்றோரம் அமைதியாக நடக்க எங்கே போவது?

கேள்வி: அக்டோபர் கடைசியில் அப்பா, அம்மாவுடன் யூட்டா மாநிலத்தின் ஜயான் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி, ஏற்றம் ஆகாது. ஆற்றை ஒட்டி ஒரு மணி நேரம் நிம்மதியாக நடந்தால் போதும் என்கிறார். போன முறை ரிவர்சைடு வாக்கில் திருவிழாக் கூட்டம். வேறு இடம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. முதலில், அந்தக் கூட்டம் ஏன் அங்கே சேர்கிறது என்று பார்த்துவிடுவோம். ஆண்டுக்கு 40 லட்சம் பேருக்கு மேல் வரும் பூங்கா இது. பள்ளத்தாக்குக்குள் இருப்பது ஒரே சாலை. ஷட்டில் பேருந்து ஓடும் மாதங்களில் அதில் சொந்தக் காருக்கு அனுமதி இல்லை. நீங்கள் போகும் அக்டோபரும் அதில் சேர்த்திதான். ஆக, எல்லோரும் அந்தப் பேருந்தில்தான் ஏறியாக வேண்டும். அதன் ஒன்பதாவது, கடைசி நிறுத்தத்தில்தான் ரிவர்சைடு வாக் தொடங்குகிறது. ஆற்றுக்குள்ளேயே இறங்கி நடக்கும் நேரோஸுக்கும் அதுவே வழி. கூட்டம் குறையவே குறையாது.

அதனால் பேருந்தில் ஏறாமலே நடக்கத் தொடங்குங்கள். பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்திலிருந்தே பருஸ் பாதை கிளம்புகிறது. ஒரு பக்கம் மட்டும் 1.75 மைல், கிட்டத்தட்ட 2.8 கிலோமீட்டர். தார் போட்ட, ஏறத்தாழ சமதளமான வழி. சக்கர நாற்காலியே போகும். வர்ஜின் ஆறு கூடவே வரும், சிறு பாலங்களில் அதை இக்கரையும் அக்கரையுமாகத் தாண்டிப் போவீர்கள். பாதை முடியும் கேன்யன் ஜங்ஷன் மூன்றாவது நிறுத்தம். அப்பாவுக்குக் கால் வலித்தால் அங்கிருந்து பேருந்தில் திரும்பிவிடலாம். முழங்கால் வலிக்காரருக்கு இந்த வசதி பெரிய விஷயம்.

ஆனால் நேரம் முக்கியம். பருஸில் சைக்கிளுக்கும் நாய்க்கும் அனுமதி உண்டு. பத்து மணிக்கு மேல் மணியடித்துக்கொண்டு சைக்கிள்கள் வரும், நிழலும் குறைவு. அக்டோபர் கடைசியில் சூரியன் உதிக்கவே ஏழே முக்கால் ஆகிவிடும். ஏழரைக்கு நடக்கத் தொடங்குங்கள். நீங்கள் நடக்கும் இடம் இன்னும் நிழலில், குளிராக இருக்கும். இடது பக்கம் நிமிர்ந்து பார்த்தால் வெஸ்ட் டெம்பிள் மலையின் உச்சி மட்டும் முதலில் சிவக்கும். அந்த வெளிச்சம் பாறை வழியே மெல்ல மெல்லக் கீழே இறங்கி வரும். மான்கள் மேய வருவதும் இந்த நேரத்தில்தான். அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் இன்னும் குறைவாக வேண்டுமா? நான்காவது நிறுத்தமான கோர்ட் ஆஃப் த பேட்ரியார்க்ஸில் இறங்குங்கள். பெரும்பாலோர் மூன்று சிகரங்களையும் படம் பிடித்துக்கொண்டு அடுத்த பேருந்தில் ஏறிவிடுவார்கள். நீங்கள் நடைபாலத்தில் ஆற்றைக் கடந்து, மேற்குக் கரையோடு ஜயான் லாட்ஜ் பக்கமாக நடங்கள். ஒரு நிறுத்தத் தூரம்தான். குதிரைச் சவாரி போகும் மணல் பாதை என்பதால் கால் கொஞ்சம் புதையும். அப்பா அன்று எப்படி இருக்கிறார் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். காட்டன்வுட் மரங்கள் அந்தச் சமயத்தில் மஞ்சளாக மாறியிருக்கும். அவற்றுக்கிடையே இளம் மரக்கன்று ஏதாவது தென்படுகிறதா என்று பாருங்கள், அரிதாகத்தான் இருக்கும். லாட்ஜைக் காப்பாற்ற 1930-களில் ஆற்றைக் கல்கரை கட்டி நேராக்கிவிட்டார்கள். அதனால் வெள்ளம் முன்போலப் பரவுவதில்லை. வெள்ளம் பரவி ஈர மண் படிந்தால்தான் காட்டன்வுட் விதை முளைக்கும். அந்த முதிய மரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

சரி, ரிவர்சைடு வாக்கையே அம்மா பார்க்க ஆசைப்பட்டால்? முதல் பேருந்துகளில் ஒன்றைப் பிடியுங்கள். அதில் வருபவர்கள் பெரும்பாலும் நேரோஸுக்கு விரைபவர்கள். இறங்கியதும் ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்து அவர்களை முன்னே போக விடுங்கள். அப்புறம் பாதை உங்களுடையது. போகும்போது வலப்பக்கப் பாறையில் நீர் கசிந்து பெரணி தொங்கும் இடங்களில் நின்று, கிட்டப் போய்ப் பாருங்கள். கொத்தமல்லி விதையைவிடச் சிறிய கரிய நத்தைகள் ஈரப் பாறையில் ஒட்டியிருக்கலாம். ஜயான் நத்தை உலகில் இந்தப் பள்ளத்தாக்கைத் தவிர வேறெங்கும் கிடையாது. தொடாமல் பாருங்கள்.

ஆற்று நீரை மட்டும் யாரும் வாயில் வைக்க வேண்டாம். நச்சுப் பாசி காரணமாக 2020 முதல் பூங்கா நிர்வாகம் எச்சரித்து வருகிறது. திடீர் வெள்ள எச்சரிக்கை இருக்கிறதா என்பதைக் காலையில் பார்வையாளர் மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அங்கே வண்டி நிறுத்துமிடம் ஒன்பது மணிக்கெல்லாம் நிரம்பிவிடும். ஸ்பிரிங்டேல் ஊரில் நுழைவாயிலுக்குப் பக்கமாகத் தங்கினால், அறையிலிருந்தே நடந்து வந்து பருஸில் சேர்ந்துகொள்ளலாம்.