ஏரியில் கன உலோகங்கள்: மாதிரி எடுப்பது முதல் முடிவு எழுதுவது வரை – கேள்வி பதில்

கேள்வி: ஏரித் தண்ணீரை எடுத்த உடனே அமிலம் சேர்த்தோம், மறுநாள் ஆய்வகத்தில் வடிகட்டினோம். கரைந்த ஈயம் நம்ப முடியாத அளவுக்கு அதிகம். கருவிக் கோளாறா?

பதில்: கருவி சரியாகவே இருக்கலாம், வரிசைதான் மாறிவிட்டது. அமிலம் பட்டதும் மிதக்கும் மண்துகளில் ஒட்டியிருந்த ஈயமும் கரைந்துவிடும். பிறகு வடிதாளால் அதைப் பிரிக்க முடியாது. கரையிலேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடியுங்கள், முதலில் வருவதைக் கொட்டிவிடுங்கள், அதன் பின் தூய நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச்சை 2-க்குக் கீழே இறக்குங்கள். பாலிஎத்திலீன் புட்டிகளை 10% நைட்ரிக் அமிலத்தில் ஒரு நாளாவது ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் பலமுறை அலசியிருக்க வேண்டும். அதே தூய நீரையும் களத்துக்குக் கொண்டுபோய் வடித்து, அமிலம் சேர்த்துக் கொண்டுவாருங்கள். அதில் ஈயம் தெரிந்தால், அது ஏரியின் ஈயம் அல்ல, உங்கள் கையிலிருந்தோ புட்டியிலிருந்தோ வந்தது. இப்போதுள்ள மாதிரிகளை வீச வேண்டாம்; 'அமிலத்தில் கரையும் ஈயம்' என்று குறித்து வையுங்கள்.

கேள்வி: பாதரசத்துக்கும் அதே புட்டி போதுமா?

பதில்: போதாது. பாதரச ஆவி பாலிஎத்திலீன் சுவரை ஊடுருவும். கண்ணாடி அல்லது டெஃப்ளான் புட்டி வேண்டும். பாதரசம் பார்க்கும் வண்டலை 105 டிகிரி அடுப்பில் உலர்த்தவும் கூடாது, ஆவியாகிப் போய்விடும்; உறையவைத்து உலர்த்துங்கள்.

கேள்வி: ஈயம், காட்மியம் இரண்டும் உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வரம்புக்குள் (லிட்டருக்கு 10, 3 மைக்ரோகிராம்) இருக்கின்றன. ஏரி சுத்தம் என்று எழுதலாமா?

பதில்: தயவுசெய்து எழுதாதீர்கள். ஏரிக்குள் வரும் உலோகத்தில் பெரும்பகுதி துகளோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும். வண்டலைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. அங்கேயும் ஒரு பொறி உண்டு: களிமண் இயல்பாகவே மணலைவிட அதிக உலோகத்தைப் பிடித்துவைக்கும். அதனால் ஏரி நடுவில் எடுத்த மண்ணையும் வாய்க்கால் முகப்பில் எடுத்த மண்ணையும் அப்படியே ஒப்பிட்டால் தவறான முடிவுக்குப் போவீர்கள். 63 மைக்ரான் நைலான் சல்லடையில் சலித்து, கீழே விழும் நுண்துகளை மட்டும் எடுங்கள் (பித்தளைச் சல்லடை செம்பையும் துத்தநாகத்தையும் சேர்த்துவிடும்), ஒவ்வொரு உலோகத்தின் அளவையும் அதே மாதிரியின் அலுமினிய அளவால் வகுத்துப் பாருங்கள் (களிமண் எவ்வளவு என்பதைக் காட்டுவது அலுமினியம்). பின்னணி அளவுக்கு (மாசு வருவதற்கு முன் மண்ணில் இயல்பாக இருந்த அளவு) பொதுப் பட்டியலைவிட, அதே ஏரியில் குழாய் இறக்கி எடுத்த ஆழமான பழைய அடுக்கே நம்பகமானது. மண்ணிலிருந்து உலோகத்தைக் கரைத்தெடுக்கும் இராஜ திராவகம் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) மண்ணின் சிலிகேட் கனிமங்களை முழுதும் கரைக்காது. ஆகவே பின்னணிக்கும் மேலடுக்குக்கும் ஒரே கரைப்புமுறையைப் பின்பற்றுங்கள்.

கோடையில் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்தால் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் கரைந்து, அவை பிடித்துவைத்திருந்த ஆர்செனிக் வெளியே வரும். மேல்தண்ணீர் மட்டும் எடுத்தால் இது கண்ணில் படாது. அடிமட்டத்துக்குச் சற்று மேலேயும் ஒரு மாதிரி எடுங்கள்.

கேள்வி: மீனில் எந்தப் பகுதியை எடுப்பது?

பதில்: பாதரசத்துக்குத் தசை, காட்மியத்துக்குக் கல்லீரலும் சிறுநீரகமும். நீளத்தையும் எடையையும் கட்டாயம் குறியுங்கள். வயது கூடக் கூடத் தசையில் பாதரசமும் கூடும் என்பதால், ஓர் இடத்தின் பெரிய மீனை இன்னோர் இடத்தின் சிறிய மீனோடு ஒப்பிட வேண்டாம்.