மருதம்பட்டை: தாவரப் பெயருக்குப் பின்னால் யார் பெயரை எழுதுவது?

கேள்வி: சித்த மருத்துவ மேற்படிப்பு ஆய்வுக்கு மருதம்பட்டையை எடுத்திருக்கிறேன். தாவரப் பெயரையடுத்து ஒரு புத்தகத்தில் ‘ராக்ஸ்ப்.’, இன்னொன்றில் ‘டிசி.’, வேறொன்றில் ‘வைட் & ஆர்ன்.’ என்று இருக்கிறது. தாவரத்துக்குப் பெயர் சூட்டிய ஆசிரியரின் பெயர் தவறு என்று ஆய்வேட்டைத் திருப்பிவிட்டார்கள். எது சரி?

பதில்: மூன்றும் வேண்டும். ‘டெர்மினாலியா அர்ஜுனா (ராக்ஸ்ப். எக்ஸ் டிசி.) வைட் & ஆர்ன்.’ என்று எழுதுங்கள்.

பெயரை யோசித்தவர் ராக்ஸ்பர்க் (ராக்ஸ்ப்.), கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரத் தோட்டத்தை நிர்வகித்தவர். அந்தத் தோட்டத்துச் செடிப் பட்டியலை 1814-ல் செராம்பூரில் அச்சிட்டவர் பாப்டிஸ்ட் பாதிரியார் வில்லியம் கேரி. மிஷனரிகளுக்குக் கம்பெனி இடம் தராததால் 1800-ல் டென்மார்க்காரர்களின் செராம்பூருக்குப் போய் அச்சகம் வைத்தவர். (மறு வருடமே வங்காளம் சொல்லித்தர அதே கம்பெனி அவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது!) பட்டியலில் மருதுக்கு ‘பென்டாப்டெரா அர்ஜுனா’ என்ற வெறும் பெயர்தான். விவரணை இல்லாத பெயர் செல்லாது.

ராக்ஸ்பர்க் 1815-ல் இறந்துவிட, அவர் எழுதிவைத்த விவரணை கையெழுத்துப் பிரதியிலேயே கிடந்தது. அந்தப் பிரதி ‘ஃப்ளோரா இண்டிகா’ என்ற நூலாக 1820-லும் 1824-லும், பின்னாளில் அதே தோட்டத்தை நிர்வகித்த வாலிச்சின் சேர்க்கைகளோடு, இரண்டு தொகுதிகள் வந்து நின்றுபோயின; மருது அவற்றில் இல்லை. வாலிச்சின் சேர்க்கைகளை விலக்கிவிட்டுக் கேரி முழு நூலையும் கொண்டுவந்தபோது 1832. அதற்குள் ஜெனீவாக்காரரான டி கண்டோல் (டிசி.) 1828-லேயே விவரணையோடு அச்சேற்றிவிட்டார். 1834-ல் வைட்டும் ஆர்னாட்டும் மருதை டெர்மினாலியா பேரினத்துக்கு மாற்றினார்கள். அதனால்தான் பழைய இருவரும் அடைப்புக்குறிக்குள் போனார்கள்.

‘எக்ஸ்’ விஷயத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். அதற்கு முன்னால் இருப்பவர் பெயரை யோசித்தவர், பின்னால் இருப்பவர் அதைச் செல்லுபடியாக்கியவர். சுருக்க விதி அனுமதிக்கிறது. ஆனால் வெட்ட வேண்டியது முன்னால் இருப்பவரை. ‘(டிசி.) வைட் & ஆர்ன்.’ சரி. ‘(ராக்ஸ்ப்.) வைட் & ஆர்ன்.’ தவறு. ராக்ஸ்பர்க் பிரபலம் என்பதற்காக அவரை வைத்துக்கொண்டு டி கண்டோலை வெட்டிவிடுகிறார்கள். பாதி ஆய்வேடுகள் இப்படித்தான்; ஒன்றைப் பார்த்து இன்னொன்று.

பெயரை விடப் பெரிய ஆபத்து, பணம் வாங்கிக்கொண்டு மாதிரியைப் பார்க்காமலே தாவர அடையாளச் சான்றிதழ் ‘ஏற்பாடு செய்யும்’ ஏஜென்ட்கள். அவர்கள் பக்கமே போகாதீர்கள். புள்ளிக்கும் அடைப்புக்குறிக்கும் ஆய்வேட்டைத் திருப்புகிறவர்கள், பட்டை எந்த மரத்தில் உரித்தது என்று ஒருமுறையாவது கேட்கிறார்களா? நாட்டு மருந்துக்கடையில் வாங்கிய துண்டுப் பட்டையை வைத்து யாரும் நேர்மையாகச் சான்று தர முடியாது. மருதின் இனத்தைச் சேர்ந்த இன்னொரு மரமான கருமருதும் அதில் கலந்திருக்கலாம். மரத்தில் பார்த்தால் மருதின் பட்டை வழவழப்பான வெளிர் சாம்பல் நிறம். கருமருதுக்கு முதலைத்தோல் போல வெடித்திருக்கும். இரண்டின் காய்க்கும் ஐந்து இறக்கைகள். காயை வெளிச்சத்தில் பிடித்து இறக்கையின் வரிகளைப் பாருங்கள்: மருதில் அவை மேல்நோக்கி வளைந்து போகும், கருமருதில் கிடைமட்டமாக ஓரம்வரை நேராகப் போகும்.

ஆகவே பட்டை உரித்த அதே மரத்திலிருந்து காயோடு ஒரு கிளையை எடுத்து அழுத்தி உலர்த்துங்கள். இடம், தேதி, சேகரித்தவர் பெயர் எழுதி, கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலோ, உலர்தாவரத் தொகுப்பு உள்ள கல்லூரியிலோ நேரில் கொடுங்கள். அவர்கள் தரும் மாதிரி எண்ணை ஆய்வேட்டில் தாவரப் பெயரையடுத்துச் சேர்த்துவிடுங்கள்.